கல்லை எடுத்துவிட்டார்களே, பித்தப்பையை ஏன் அகற்ற வேண்டும்?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி தம் தாயாரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தாயாருக்கு 57 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஐப்பசியில் மேல் வயிற்றில் வலியும் கண்ணில் மஞ்சளும் தெரிந்தபோது, காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்து நாள் பத்தியம் இருக்க வைத்திருக்கிறார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 8.4 இருந்தது. பித்தப்பையில் பல சிறு கற்கள் இருப்பதையும், பித்தக்குழாய் 12 மி.மீ. அளவுக்கு விரிந்து அதற்குள்ளும் ஒரு கல் அடைத்திருப்பதையும் ஸ்கேன் காட்டியது. வாய் வழியாக உள்நோக்கியை (எண்டோஸ்கோப்) செலுத்திச் செய்யும் இ.ஆர்.சி.பி. முறையில் குழாயிலிருந்த கல்லை எடுத்து, பித்தம் வடிவதற்கு ஸ்டென்ட் என்னும் சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்து அனுப்பிய மருத்துவர்கள், இரண்டு வாரத்துக்குள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலம் பித்தப்பையை அகற்றிக்கொள்ள வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறார்கள். மூன்று வாரம் கடந்துவிட்டது. காமாலை இறங்கி, அம்மா நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறார். தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் தம்பிக்குத் திருமணம். காப்பீட்டு பாலிசி எடுத்து 14 மாதமே ஆகிறது. பெரியப்பாவுக்குக் கேமரா ஆபரேஷனில் நம்பிக்கையில்லை. தெருவில் ஒரு பெண்மணிக்குத் துளை போட்டுத் தொடங்கியது வயிற்றைத் திறப்பதில் முடிந்ததாம். கல் கரைக்கும் மாத்திரை இருக்கிறதே, பித்தப்பை இல்லாவிட்டால் செரிமானம் என்னவாகும், வேறொரு மருத்துவமனையில் ஒரே தடவையில் முடித்திருப்பார்களாமே, ஏமாந்துவிட்டோமா, அம்மாவிடம் ஸ்கேன் என்று மட்டும் சொல்லி அழைத்துப்போய்ச் சேர்த்துவிடலாமா என்று கேள்விகளை அடுக்கியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா நலமாக இருக்கிறார் என்று படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த நலத்தைப் பார்த்து நீங்கள் எடுக்கவிருக்கும் முடிவுதான் எனக்குக் கவலை தருகிறது. குழாயில் அடைத்த அந்தக் கல் குழாயிலேயே உருவானதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பித்தப்பைக்குள் உருவாகி, அதன் குறுகிய கழுத்து வழியாக நழுவிப் பொதுக் குழாயில் விழுந்து, சிறுகுடல் வாயில் சிக்கிக்கொண்ட கல் அது. இ.ஆர்.சி.பி.யில் விழுந்த கல்லை எடுத்தார்கள். அதைப் போட்ட பை, மீதிக் கற்களோடு உள்ளேயே இருக்கிறது. சிறு கற்கள்தான் எளிதில் நழுவுகிறவை. ஸ்கேன் அறிக்கையில் "பல சிறு கற்கள்" என்ற வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவைப் போலக் குழாய்க் கல்லை உள்நோக்கி மூலம் எடுத்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பித்தப்பையை உடனே அகற்றியும் மறு பிரிவினரைப் பொறுத்திருந்து கவனித்தும் செய்த ஆய்வு நெதர்லாந்திலிருந்து 2002-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குள், பொறுத்திருந்தவர்களில் 47 சதவீதத்தினர் மீண்டும் வலி, காமாலை, பித்தப்பை அழற்சி என்று ஏதோ ஒன்றோடு திரும்பி வந்தார்கள். அகற்றிக்கொண்டவர்களில் அது 2 சதவீதம்தான். பிறகு அதே நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வில், மூன்று நாட்களுக்குள் அகற்றுவதையும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அகற்றுவதையும் ஒப்பிட்டார்கள். அந்தச் சில வாரக் காத்திருப்பிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் மறுபடி தொந்தரவு வந்தது. உங்கள் மருத்துவர் இரண்டு வாரம் என்று எழுதியதற்குப் பின்னால் இருப்பது இதுதான். அந்தக் கெடு தாண்டிவிட்டதால் வாய்ப்பு கைநழுவிவிட்டது என்று பொருளில்லை. இன்னும் தள்ளிப்போட இடமில்லை என்றே பொருள்.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் காமாலை என்றால் கை முதலில் அதைத்தான் தேடும். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கிருமியால் கல்லீரல் வீங்கி வரும் காமாலைகளில் பல தாமாகவே அடங்கிவிடுவதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. குழாயில் கல் அடைத்து வரும் காமாலைக்கு அடைப்பை நீக்குவதைத் தவிர வழி கிடையாது. வலி, மஞ்சள், நடுக்கத்தோடு காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்தால், தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகி இரத்தத்தில் கலக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஒரே இரவில் உயிருக்கு ஆபத்தாகலாம். இந்த மூன்றில் எது திரும்பி வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கல்லை மட்டும் கரைக்கவோ உடைக்கவோ முடியாதா?

உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை உண்மையில் சில கற்களைக் கரைக்கும். கொழுப்பால் ஆன, சுண்ணாம்பு படியாத, மிகச் சிறிய கற்கள், நன்றாகச் சுருங்கி விரியும் பித்தப்பையில் இருந்தால், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் சாப்பிட்டால் கரையலாம். நிறுத்திய பிறகு ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கற்கள் திரும்பி வரும். வட இந்தியாவில் கொழுப்புக் கற்கள் அதிகம். நம் பக்கத்தில் நிறமிக் கற்கள் அதிகம். அறுவை அரங்கில் பையை வெட்டித் திறந்தால், மிளகு அளவில் கறுப்பாக, முள் முள்ளாக, விரலால் அழுத்தினால் நொறுங்கும் கற்களைத்தான் இங்கே நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்தக் கல்லில் இந்த மாத்திரை வேலை செய்வதில்லை. உங்கள் அம்மாவுக்கு ஒருமுறை காமாலையும் கிருமித்தொற்றும் வந்துவிட்ட நிலையில், மாத்திரையை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதை நான் எந்த வகையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாழைத்தண்டுச் சாறும், அதிர்வலையால் கல்லை உடைப்பதும் சிறுநீரகக் கல்லோடு சேர்ந்த பேச்சுகள். சிறுநீரகக் கல் உடைந்தால் சிறுநீரோடு போய்விடும். பித்தப்பைக் கல்லுக்கு அந்த வழியே இல்லை. உடைந்த துண்டுகள் போக வேண்டியது கணையக் குழாயும் வந்து சேரும் அதே குறுகிய வாய்க்குத்தான். அங்கே சிக்கினால் காமாலையோடு நிற்காமல் கணைய அழற்சியும் வரலாம். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து மறுநாள் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வெளிவந்த படத்தை உங்கள் உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மெழுகாக மென்மையாக இருக்கும், சூட்டில் உருகும். குடித்த எண்ணெயே குடலில் சோப்புப் போல இறுகி வந்த உருண்டைகள் அவை. ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்து மருத்துவ இதழ்களிலும் எழுதியிருக்கிறார்கள். அத்தனை எண்ணெயை ஒரே மூச்சில் குடிக்கும்போது பித்தப்பை வேகமாகச் சுருங்கி உண்மையான கல்லைக் குழாய்க்குள் தள்ளிவிடும் அபாயமும் உண்டு.

பித்தப்பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துவிடலாமே என்ற உங்கள் கேள்விக்கு விடை எளிது. கல்லை உருவாக்கும் நோய் அந்தப் பையில்தான் இருக்கிறது. பையை விட்டுவைத்தால் கல் மீண்டும் வரும். 1882-இல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக அகற்றிய லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவரும் இதையேதான் சொன்னார்.

பித்தப்பை இல்லாமல் செரிமானம்

பித்தத்தைச் சுரப்பது கல்லீரல்; நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை அதில் 30 முதல் 50 மி.லி. வரை வாங்கிச் சுண்டவைத்து, சாப்பிடும் நேரத்தில் குடலுக்கு விடுகிறது. பை போன பிறகு பித்தம் நாள் முழுவதும் சிறிது சிறிதாக நேராகக் குடலுக்கே வரும். உடல் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். சிலருக்கு மட்டும் வயிறு இளகிப் போகும் தொந்தரவு இருக்கும். பெரும்பாலும் தானாகக் குறையும், நீடித்தால் மருந்து உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் எண்ணெயில் பொரித்ததைக் குறைத்துச் சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் போதும். வாழ்நாள் பத்தியம் எதுவும் இல்லை.

துளை போட்டுத் தொடங்கி வயிற்றைத் திறந்தால் அது தவறா?

பெரியப்பாவின் அச்சத்தை நான் மதிக்கிறேன், ஆனால் இது நேற்று வந்த முறை அல்ல. ஜெர்மனியில் எரிக் மியூ 1985-இல் இதைச் செய்தார். 1990-இல் மும்பைக்கு வந்தது. கோவை போன்ற நகரங்களில் வேரூன்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தொப்புளில் ஒன்று, மேல் வயிற்றில் ஒன்று, வலப்பக்கம் இரண்டு என்று 5 முதல் 10 மி.மீ. அளவில் நான்கு துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்துச் செய்வார்கள். அந்த வாயுவினால் ஓரிரு நாள் தோள்பட்டையில் வலி இருக்கும். இதயத்தில் ஏதோ என்று பயந்துவிடாதீர்கள். சிக்கலில்லாவிட்டால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த அறுவையில் எங்களுக்கு உள்ள ஒரே பெரிய பயம், பித்தப்பையின் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயை வெட்டிவிடுவது. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது நேர்வதாகக் கணக்கு. நேர்ந்தால் குடலை இழுத்துக் கல்லீரல் குழாயோடு இணைக்கும் பெரிய அறுவையும் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பும் தேவைப்படும். அதைத் தவிர்க்க ஒரு கண்டிப்பான நடைமுறை இருக்கிறது. பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரல் படுக்கையிலிருந்து பிரித்து, கொழுப்பையும் சவ்வையும் நீக்கி, பித்தப்பைக்குள் நுழைவன ஒரு குழாயும் ஓர் இரத்தக்குழாயும் மட்டுமே என்று கண்ணால் கண்டு உறுதி செய்யும் வரை எதையும் கிளிப் போடவோ வெட்டவோ கூடாது. அழற்சி வந்து ஆறிய பித்தப்பையில் சவ்வும் திசுவும் ஒட்டிக்கொண்டு அந்தக் காட்சி கிடைக்காமலே போகலாம். அப்போது பொறுப்புள்ள மருத்துவர், ஆபத்தான அடிப்பகுதியைத் தொடாமல் பையின் பெரும்பகுதியை மட்டும் அகற்றுவார். அல்லது வலது விலாவின் கீழ் வெட்டித் திறந்து கையால் தொட்டுப் பார்த்துச் செய்வார். நூறு பேரில் ஐந்து பேருக்குள்தான் அப்படித் திறக்க வேண்டி வருகிறது. உங்கள் தெருவில் அந்தப் பெண்மணிக்கு நடந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் திறந்தார்கள் என்பதை மட்டும் வைத்து மருத்துவர் தவறிவிட்டார் என்று சொல்ல முடியாது. பல நேரங்களில் நோயாளியின் குழாயைக் காப்பாற்றிய முடிவே அதுவாக இருக்கும். ஆகவே "திறக்கவே மாட்டேன் என்று உறுதி தருவீர்களா" என்று மருத்துவரைக் கேட்காதீர்கள். "சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள், அந்தப் பதில் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

தள்ளிப்போடப் போட இந்த ஒட்டல் கூடும். இரண்டாவது முறை அழற்சி வந்த பித்தப்பையில் நான்கு துளைகளோடு முடியும் வாய்ப்பு முதலாவதைவிடக் குறைவு.

ஒரே தடவையில் செய்திருக்கலாமா?

பித்தப்பையை எடுக்கும்போதே லேப்ராஸ்கோப்பி மூலம் பொதுக் குழாயையும் திறந்து கல்லை எடுக்கும் முறை இருக்கிறது; பழகிய கைகளில் நல்ல முறைதான். ஆனால் உங்கள் அம்மா அன்று நடுக்கக் காய்ச்சலோடு போனார். அந்த நிலையில் முதல் வேலை தேங்கிய பித்தத்தை வடியவிடுவது; நீண்ட மயக்கம் கொடுத்து அறுவை செய்வதைவிட உள்நோக்கி வழியாக அதைச் செய்ததே பாதுகாப்பானது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

ஸ்டென்ட்: நீங்கள் கேட்காத கேள்வி

உங்கள் நீண்ட கடிதத்தில் ஸ்டென்ட் பற்றி ஒரே வரிதான் இருந்தது, அதுவும் "வைத்திருக்கிறார்களாம்" என்று. அது தானாகக் கரைகிற பொருளல்ல. பிளாஸ்டிக் ஸ்டென்டின் துளை சுமார் மூன்று மாதத்தில் பித்தச் சேறு படிந்து அடைத்துக்கொள்ளத் தொடங்கும். அதற்குள் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். எடுப்பது எளிய எண்டோஸ்கோப்பிதான், வெட்டும் தையலும் கிடையாது. உடம்பு நன்றாக இருப்பதால் மறந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் கழித்துக் காய்ச்சலும் காமாலையுமாக வருபவர்களை என்னைப் போன்றவர்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டென்டைச் சுற்றியே கல் வளர்ந்து, அதைக் கழற்றுவதே ஒரு போராட்டமாகிவிடும். யாரும் படக்கூடாத இந்தத் துன்பத்துக்குக் காரணம் ஒரு தேதியைக் குறித்துவைக்காததுதான் என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

கணக்குப் பாருங்கள். ஐப்பசிக் கடைசியில் வைத்த ஸ்டென்டுக்கு மூன்று மாதம் என்பது தைக் கடைசி, அதாவது தம்பியின் திருமண வாரம். திருமணம் முடியட்டும் என்று ஒத்திப்போட்டால், பித்தப்பையில் கற்களும் குழாயில் அடைக்கக் காத்திருக்கும் ஸ்டென்டுமாக அம்மா பந்தலில் நிற்பார். இப்போதே அறுவை முடிந்தால், இரண்டு மூன்று வாரத்தில் கனமானதைத் தூக்குவது தவிர எல்லா வேலையும் செய்யலாம். ஸ்டென்டையும் திருமணத்துக்கு முன்பே எடுத்துவிடலாம். மார்கழியில் வேண்டாம் என்று பாட்டி தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். கார்த்திகையிலேயே நாள் கிடைக்கும் என்றால் அவர் மனமும் அமைதி பெறும்; கிடைக்காவிட்டால், இது ஒத்திவைக்கக்கூடிய சுப காரியமல்ல, வைத்தியம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

சர்க்கரையும் மாத்திரைகளும்

எச்.பி.ஏ.1.சி. 9.1 இருப்பதால், அது 7-க்கு வரட்டும் என்று காத்திருக்க நினைக்கிறீர்கள். அந்த எண் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அது இறங்குவதற்குக் காத்திருப்பது என்றால் மூன்று மாதம் காத்திருப்பதுதான். அறுவைக்கு முன்னும் பின்னும் சில நாள் இன்சுலின் கொடுத்து அன்றாடச் சர்க்கரையை 180-க்குள் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் முன்னே செல்லலாம். முடிவை மயக்க மருந்து நிபுணரும் சர்க்கரை மருத்துவரும் சேர்ந்து எடுப்பார்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால் அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதும் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் கேட்டு நிறுத்துங்கள்.

செலவும் காப்பீடும்

பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு 2 ஆண்டுக் காத்திருப்புக் காலம் இருப்பது உண்மை. இன்னும் பத்து மாதம் பொறுத்தால் பணம் கிடைக்குமே என்ற எண்ணம் எந்தக் குடும்பத்துக்கும் வரும். ஆனால் அதற்குள் ஒரு கணைய அழற்சி வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேர்ந்தால், அந்தச் செலவையும் அதே காரணம் காட்டி நிறுவனம் மறுக்கக்கூடும். நோய் தொடங்கிய நாளை மாற்றி எழுதச் சொல்லி யாரும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள், பாலிசியே ரத்தாகலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த லேப்ராஸ்கோப்பி அறுவை வழக்கமாக நடக்கிறது. அங்கே போனாலும் வேறெங்கு போனாலும் இ.ஆர்.சி.பி. அறிக்கை, ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். முன்பு சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் எழுத்து மூலம் கேட்டால், 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லாமல்

இதற்கு மட்டும் நான் உறுதியாக வேண்டாம் என்கிறேன். அம்மா பயந்தவர் என்பதால் அன்பில்தான் யோசித்திருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் தெளிவான மனநிலையில் உள்ள வயது வந்த ஒருவரின் உடம்பில் கைவைக்க அவரது ஒப்புதல்தான் வேண்டும். மயக்கத்தில் இருந்த நோயாளிக்காக அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கி உறுப்பை அகற்றிய ஒரு வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. என்ன நோய், என்ன சிகிச்சை, மாற்று என்ன, செய்யாவிட்டால் என்னாகும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். திறந்த அறுவையாக மாற்றும் வாய்ப்பையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காய்ச்சல் இரவு அம்மாவுக்கு நினைவிருக்கும். அது திரும்ப வராமலிருக்கத்தான் இது என்று நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். பயம் முழுதும் போகாவிட்டாலும், தனக்கு நடப்பது தனக்குத் தெரியும் என்ற தைரியம் அவருக்கு இருக்கும்.

அறுவைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வலி கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சலோ மஞ்சளோ தெரிந்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிராமல் அதே மருத்துவரிடம் அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். பித்தம் கசிந்தாலும் சீக்கிரம் தெரிந்தால் சரிசெய்ய வழிகள் உண்டு. எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அறுவைக்கு ஒரு தேதி, ஸ்டென்ட் எடுக்க ஒரு தேதி, இரண்டையும் அந்த ஒரே அழைப்பில் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியின் மேலேயே எழுதிவைத்துவிடுங்கள்.